பத்தாவது வாரத்தில் அந்த ஊசி ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்துக்குக் கைக்குழந்தையோடு வருகிற அம்மாவின் கையில் தாய் சேய் நல அட்டை இருக்கும். பெரும்பாலும் கூடவே ஒரு பாட்டியும் வந்திருப்பார். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு மூன்று ஊசி: இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா ஊசி, வலது மேல்கையில் தோலுக்குள் போலியோ ஊசி. போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் தனி. பத்தாவது வாரத்தில் வந்தால் ஒரே ஊசிதான், இடது தொடையில் மட்டும். பதினான்காவது வாரத்தில் மறுபடியும் மூன்று. பாட்டிகள் இந்த எண்ணிக்கையைக் கவனிக்காமல் விடுவதில்லை. "போன தடவை மூணு போட்டீங்களே, இப்ப ஒண்ணுதானா? மருந்து வரலையாம்மா?" என்று கேட்பார்கள். "அடுத்த தடவை போட்டுருவோம் பாட்டி" என்பது அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். வரிசை நகர அது போதும், ஆனால் கேள்விக்கு அது பதில் இல்லை. மருந்து தீர்ந்துபோனதால் அந்த வாரம் விடப்படவில்லை. வேண்டுமென்றேதான் விடப்பட்டிருக்கிறது. நிமோனியா ஊசியைப் பொறுத்தவரை இரண்டு டோஸுக்கு நடுவில் உள்ள நாட்களும் மருந்தின் ஒரு பகுதி என்பது இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொண்டது. அந்த நாட்களைக் குறைத்தால் மருந்தைக் குறைத்ததற்குச் சமம். குழந்தைக்கு முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது; பெரியவருக்கு இரண்டாவது ஊசியை அவசரப்படுத்தக் கூடாது. நம்மூரில் இரண்டும் தலைகீழாக நடப்பதுதான் அதிகம்.

காரணம் இந்த ஊசி தடுக்கும் கிருமியின் உடம்பிலேயே இருக்கிறது. நிமோகாக்கஸ் என்ற இந்தப் பாக்டீரியாவைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறை உண்டு. அந்த உறையின் வேதி அமைப்பை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாக இதைப் பிரித்திருக்கிறார்கள். நோயை எதிர்க்க உடம்புக்கு அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் வேண்டும். பெரியவரின் உடம்பு வெறும் சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்தே எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். அந்த வழியில் 1977இல் 14 வகைகளுக்கான ஊசியும் 1983இல் 23 வகைகளுக்கான ஊசியும் அமெரிக்காவில் வந்தன. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடம்புக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. 23 வகை ஊசியை அந்த வயதில் போடுவதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் கதை மாறுகிறது. புரதத்தைக் கண்டதும் டி அணுக்கள் உதவிக்கு வருகின்றன, குழந்தையின் பி அணுக்களும் விழித்துக்கொள்கின்றன, நினைவு அணுக்களும் உருவாகின்றன. இதுதான் கான்ஜுகேட் ஊசி. 2000இல் 7 வகைகளோடு வந்தது, 2010இல் 13 ஆனது. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் நியூமோசில் 10 வகைகளைக் கொண்டது. 2019 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று பெற்றது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் கான்ஜுகேட் ஊசி 2017இல் இமாசலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு முன்பு தனியார் மருத்துவமனையில் ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்த ஊசி இது. அதன் விலை தெரிந்தவர்கள் இன்று இலவசமாகக் கிடைக்கும்போது இரண்டாந்தரமோ என்று சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

இனி ஆறாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் நடுவில் உள்ள அந்த எட்டு வாரத்துக்கு வருவோம். முதல் டோஸ் போனதும் நிணநீர் முடிச்சுகளில் பி அணுக்களுக்குள் ஒரு தேர்வு தொடங்குகிறது. கிருமியின் உறையை இறுகப் பிடிக்கக்கூடிய அணுக்கள் தங்குகின்றன, மற்றவை கழிகின்றன. இந்தத் தேர்வு ஒரு வாரத்தில் முடிவதில்லை, பல வாரம் எடுக்கும். அது நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த டோஸைச் செலுத்தினால் பதில் கிடைக்காமல் போகாது, ஆனால் முழுப் பதில் கிடைக்காது. தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருளும் முதல் மாதங்களில் குழந்தையின் இரத்தத்தில் இருந்துகொண்டு ஊசி மருந்தை ஓரளவு மறைத்துவிடும். நாள் செல்லச் செல்ல அது வடிந்துவிடும். இந்த இரண்டையும் கணக்கில் வைத்துத்தான், முதன்மை டோஸ்கள் இரண்டு மட்டும் என்றால் அவற்றுக்கு நடுவே எட்டு வாரமாவது இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரசு அட்டவணையின் ஆறும் பதினான்கும் அந்தக் கணக்கில் வந்தவை; ஒன்பதாவது மாதத்தில் ஒரு பூஸ்டர் அவற்றோடு சேரும். தனியார் மருத்துவமனைகளில் ஆறு, பத்து, பதினான்கு என்று மூன்று டோஸ் நான்கு வார இடைவெளியில் போட்டு, 12 முதல் 15 மாதத்துக்குள் பூஸ்டர் போடுவார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணை அது. இடைவெளியைக் குறைத்ததற்கு ஈடாக அங்கே ஒரு டோஸ் கூடுகிறது. 6பி, 23எஃப் போன்ற சில வகைகளுக்கு இரண்டு டோஸுக்குப் பிறகு கிடைக்கும் எதிர்ப்பொருள் மூன்று டோஸுக்குப் பிறகு கிடைப்பதைவிடக் குறைவு என்பதும் உண்மை. பூஸ்டர் போட்ட பிறகு அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. ஆகவே அரசு ஊசி ஒன்று குறைவாக இருப்பதால் பாதுகாப்பும் குறைவு என்ற பேச்சு எடுபடாது. ஆனால் அரசு அட்டவணைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்பதாவது மாத பூஸ்டரை விட்டுவிட்டால் குழந்தையிடம் இருப்பது இரண்டு டோஸ் மட்டுமே, அது எந்த அட்டவணைப்படியும் முழுமை ஆகாது.

அந்த ஒன்பதாவது மாதத்தைப் பற்றி ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. முதல் பிறந்தநாளைத் தாண்டிப் போட்டால் பூஸ்டரின் விளைச்சல் இன்னும் நன்றாக இருக்குமே, ஏன் ஒன்பதிலேயே போட வேண்டும்? எதிர்ப்பொருள் அளவை மட்டும் பார்த்தால் இந்த ஆட்சேபம் சரிதான். ஆனால் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்காகக் குழந்தையை எப்படியும் ஒன்பதாவது மாதத்தில் தூக்கி வருவார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஊசி ஒன்றரை வயதை ஒட்டித்தான். நிமோனியா ஊசிக்கென்று தனியாக ஒரு வருகையைக் குறித்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பது ஊசி அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். 9 முதல் 18 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் பூஸ்டர் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்புக்குள், வரவு உறுதியான நாளை இந்தியா தேர்ந்தெடுத்திருக்கிறது. பிரிட்டன் 2020இல், அப்போது பன்னிரண்டாவது வாரத்தில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று என்று இரண்டே டோஸுக்கு இறங்கிவிட்டது. அங்கே பல ஆண்டுகளாகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி போட்டு, ஊசியில் உள்ள வகைகள் ஊருக்குள் சுற்றுவதே அரிதாகிவிட்டது. நாம் அதைப் பார்த்து டோஸைக் குறைக்க இன்னும் காலம் வரவில்லை.

இடைவெளி இவ்வளவு முக்கியம் என்றால் முதல் ஊசியையே நிதானமாக மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கினால் என்ன என்று படித்த பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியில் தவறு ஒரு இடத்தில்தான். வயது கூடக் கூட உடம்பின் பதில் மேம்படும் என்பது சரி. ஆனால் கிருமி அதுவரை காத்திருக்காது. நிமோகாக்கல் நோய் குழந்தைகளை மிக மோசமாகத் தாக்குவது முதல் இரண்டு வயதுக்குள், அதிலும் முதல் வருடத்தில். காம்பியாவில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒன்பது வகைக் கான்ஜுகேட் ஊசியைப் பால்குடி வயதிலேயே மூன்று டோஸ் போட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா 37 சதவீதம் குறைந்தது, எந்தக் காரணத்தால் என்று பார்க்காமல் எல்லா மரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 16 சதவீதம் குறைந்தது. மருத்துவமனை தூரமாக இருக்கும் கிராமத்தில் ஓர் ஊசி மொத்தச் சாவையே குறைத்தது என்று காட்டும் ஆய்வுகள் அதிகம் கிடையாது. ஆகவே தொடக்கத்தைத் தள்ளக் கூடாது. லேசான சளி, மூக்கொழுகல், இளஞ்சூடு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து எண்ணிய ஆறாவது வாரம்தான் கணக்கு. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது பல வீடுகளில், சில மருத்துவமனைகளிலும்கூட, நடக்கிறது. அந்தக் குழந்தைக்குத்தான் ஊசி மற்றவர்களைவிட அவசரம்.

தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்பதில் விதி எளிது, மக்கள் பயப்படுவதுபோல் கடுமையானது அல்ல. போட்ட டோஸ் வீணாகாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது டோஸ் தள்ளிப்போயிருந்தால் பூஸ்டரும் அதிலிருந்து எட்டு வாரமாவது தள்ளித்தான் வரும். ஒரு வயதைத் தாண்டி ஊசியே போடாத குழந்தைக்குத் தனியாரில் எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ். இரண்டு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரே டோஸ் போதும். அரசுத் திட்டத்தில் முதல் டோஸ் ஒரு வயதுக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பதால், பிறந்தநாளுக்கு முந்தைய புதன்கிழமை இந்த வகையில் முக்கியமானது. சீக்கிரம் போட்ட டோஸுக்குத்தான் சிக்கல். ஊருக்குப் போகிறோம், வெளிநாடு கிளம்புகிறோம் என்று இரண்டு வாரம் முந்திப் போட்டுக்கொண்ட ஊசி அட்டையில் தேதியோடு அழகாகப் பதிவாகும், ஆனால் அட்டவணை அதை டோஸாக ஒப்புக்கொள்ளாது, மறுபடி போடச் சொல்லும். தாமதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், முந்திப் போட்டதை யாரும் பார்ப்பதில்லை. நான் அட்டையைக் கையில் வாங்கினால் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல் தேதிகளைக் கழித்துப் பார்ப்பது இதனால்தான்.

பெரியவர்கள் பக்கம் வந்தால் அவசரம் முதல் ஊசியில் இருப்பதில்லை, இரண்டாவதில் இருக்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, நாள்பட்ட நுரையீரல் நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் இப்படிப் பலருக்கும் இந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2024 முதல் ஐம்பது வயதிலிருந்தே எல்லோருக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் மருந்துக் கடையில் நீண்ட காலமாக இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன: 13 வகைக் கான்ஜுகேட், 23 வகைப் பாலிசாக்கரைட், அதாவது வெறும் சர்க்கரைச் சங்கிலியால் ஆன அந்தப் பழைய ஊசி. இரண்டாவது விலை குறைவு, எண் பெரிது. பதின்மூன்றைவிட இருபத்துமூன்று பெரியதுதானே என்று அதை முதலில் போட்டுக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அங்கேதான் வரிசை கெடுகிறது. புரதம் சேராத வெறும் சர்க்கரை உடம்புக்குள் போனதும், ஏற்கனவே இருக்கும் பி அணுக்களை உடனே எதிர்ப்பொருள் சுரக்கத் தூண்டிவிடும். சுரக்கும் அணுக்கள் சில காலத்தில் மடிந்துவிடும், புதிய நினைவு அணுக்கள் அந்த இடத்துக்கு வருவதில்லை. விதைநெல்லை எடுத்துப் பொங்கிச் சாப்பிடுவது மாதிரி. இன்றைக்கு வயிறு நிறையும், அடுத்த பட்டத்துக்கு விதைக்க ஒன்றும் இருக்காது. ஃபிஜித் தீவில் குழந்தைகளுக்கு ஒரு வயதில் பாலிசாக்கரைட் ஊசி போட்டு, சில மாதம் கழித்து அதையே சிறிதளவு கொடுத்தபோது, முன்பு போட்டுக்கொண்டவர்களின் பதில் போடாதவர்களைவிடக் குறைந்திருந்தது. பெரியவர்களிலும் பாலிசாக்கரைட்டை முதலில் பெற்றவர்களுக்குப் பின்னர் கான்ஜுகேட் போட்டபோது கிடைத்த பதில், கான்ஜுகேட்டை முதலில் பெற்றவர்களின் பதிலைவிடத் தாழ்வாக இருந்தது. இதனால் நோய் அதிகம் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒழுங்கான வரிசை இருக்கும்போது தலைகீழாகப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வரிசை இதுதான்: முதலில் கான்ஜுகேட், குறைந்தது ஒரு வருடம் கழித்துப் பாலிசாக்கரைட். ஏற்கனவே பாலிசாக்கரைட் போட்டாகிவிட்டது என்றால் அதிலிருந்து ஒரு வருடம் கழித்துக் கான்ஜுகேட். அந்த ஒரு வருடம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரே ஆய்வில் தீர்மானமான எண் அல்ல. அமெரிக்காவில் முதியவர்களுக்கு முன்பு 6 முதல் 12 மாதம் என்று இருந்ததை 2015இல் ஒரு வருடமாக ஆக்கினார்கள். நீண்ட இடைவெளியில் பதில் மேலாக இருந்ததும், நெருக்கிப் போட்டால் கையில் வீக்கமும் வலியும் கூடியதும், பலவிதமான இடைவெளிகளை மருத்துவர்களால் நினைவில் வைக்க முடியாததும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மூன்றாவது காரணம் அறிவியல் அல்ல என்று சிரிக்கலாம். நடைமுறையில் முதல் இரண்டைவிட அதற்குத்தான் வலு அதிகம். நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கு, அதாவது மண்ணீரல் இல்லாதவர், எச்.ஐ.வி. உள்ளவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் போன்றோருக்கு, எட்டு வாரத்திலேயே இரண்டாவதைப் போட்டுவிடலாம். அவர்களுக்கு ஒரு வருடம் காத்திருக்கும் ஆபத்து, கொஞ்சம் குறைவான பதிலைவிடப் பெரியது. காய்ச்சல் சீசனுக்கு வருடா வருடம் போடும் ஃப்ளூ ஊசியோடு இதைக் குழப்பி, "இந்த வருஷ நிமோனியா ஊசி போடணும்" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்புவதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை. அதே சமயம் ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் ஒரே நாளில் இரண்டு கைகளில் போட எந்தத் தடையும் இல்லை. இடைவெளி தேவைப்படுவது ஒரே கிருமிக்கான ஊசிகளுக்கு நடுவில். தேவையில்லாத இடத்தில் இடைவெளி விட்டு அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை.

ஆன்டிபயாடிக் இருக்கும்போது முதியவருக்கு இத்தனை கணக்கு எதற்கு என்பது பழைய கேள்வி. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் 1964இலேயே அதற்குப் பதில் வைத்தார்: பென்சிலின் வந்த பிறகும், இரத்தத்தில் நிமோகாக்கஸ் கலந்தவர்களில் முதல் ஐந்து நாளுக்குள் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. நோய் முற்றி வந்தால் மருந்து எட்டுவதற்குள் ஆள் போய்விடுகிறார். 23 வகை ஊசி வரை கொண்டுவந்தது அவருடைய பிடிவாதம்தான். இன்னொரு ஆட்சேபம், "ஊசி போட்டும் அப்பாவுக்கு நிமோனியா வந்ததே" என்பது. இதை மறுக்கக் கூடாது. நெதர்லாந்தில் 84,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 46 சதவீதமும், அதே வகைகள் இரத்தத்தில் பரவும் நோய் 75 சதவீதமும் குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் வரும் நிமோனியாவை மொத்தமாக எடுத்தால் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. நிமோனியாவுக்கு வைரஸ்கள் உட்படப் பல காரணிகள் உண்டு. இந்த ஊசி ஒரே ஒரு கிருமியின் சில வகைகளைத்தான் தடுக்கும். "நிமோனியா ஊசி" என்று நாம் வைத்த பெயர் கொஞ்சம் பெரிய பெயர்.

இருபது வகைக் கான்ஜுகேட் 2021இலும் இருபத்தொரு வகை 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் இந்த வாதம் பழசாகிவிட்டது என்பார்கள் சிலர். புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கு அவற்றில் ஒன்றைப் போட்டால் பாலிசாக்கரைட் தேவையில்லை, இடைவெளிக் கணக்கும் இல்லை. அது பெரிய வசதிதான், கிடைத்தால் நான் அதையே சொல்வேன். ஆனால் ஏற்கனவே 23 வகை போட்டுக்கொண்டவருக்கு ஒரு வருட விதி அங்கேயும் அப்படியே நிற்கிறது. அதைக் கணக்கிட முன்பு போட்டது எது, எப்போது என்று தெரிய வேண்டும். குழந்தைக்கு அட்டை இருக்கிறது; பெரியவரிடம் இருப்பது "போன வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ ஒண்ணு போட்டாங்க" என்ற நினைவு மட்டும். மருந்துச் சீட்டில் "நிமோனியா வேக்ஸின்" என்று எழுதியிருக்கும், எது என்று இருக்காது. எழுத்தில் இல்லாத கான்ஜுகேட் டோஸைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் அவர் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டது கரைந்துபோகிறது. குப்பியின் ஸ்டிக்கரை உரித்துச் சீட்டின் பின்னால் ஒட்டிக் கொடுக்க அரை நிமிடம் ஆகாது.

இந்தக் கவனக்குறைவு உயிரோடு விளையாடுவது மண்ணீரல் எடுத்தவர்களிடம். சாலை விபத்தில் வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் சிதைந்து, அவசரமாக அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். உறை போர்த்திய கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு அதுதான். அது போனால் நிமோகாக்கஸ் சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்திவிடும். திட்டமிட்ட அறுவை என்றால் ஊசியை இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். அவசர அறுவை என்றால் இரண்டு வாரம் கழித்துப் போட்டால் பதில் நன்றாக இருக்கும். ஆனால் இருபத்தைந்து வயது பைக் ஓட்டி பத்தாவது நாள் வீட்டுக்குப் போனால் பதினான்காவது நாள் ஊசிக்குத் திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தச் சந்தேகம் இருந்தால் வார்டை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிடுவதுதான் சரி. ஒன்பதாவது மாத பூஸ்டரில் செய்த அதே சமரசம் இது. அன்று போட்டது 13 வகை என்றால் எட்டு வாரத்தில் பாலிசாக்கரைட், அதிலிருந்து ஐந்து வருடத்தில் இன்னொரு முறை. இந்த இரண்டு தேதிகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நாள், மாதம், வருடத்தோடு எழுத வேண்டும், தையல் பிரிக்க வரும் தேதிக்குப் பக்கத்திலேயே. அந்தத் தேதியை மட்டும் யாரும் மறப்பதில்லை.